இருபத்தைந்தாவது கட்டடம்

எவனோ ஒருத்தன் கோடு போட்டுவிட்டான். பேர் தெரியாது, முகம் தெரியாது. சிவப்பு மையில், அடிக்கோல் வைத்து, பதிவேட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடு. என் மகளுடைய வேலை அந்தக் கோட்டோடு போய்விட்டது. கோழி அறுக்கிறவனுக்குக்கூட முதல் தடவை கை நடுங்கும் அண்ணாச்சி. இவனுக்கு நடுங்கவே இல்லை. கோடு அவ்வளவு நேராக இருக்கிறது. நானே பார்த்தேன்.

உட்காருங்கள். டோக்கன் எத்தனை? அறுபத்தி நாலா. என்னுடையது ஐம்பத்தி ஒன்பது. இப்போது உள்ளே இருப்பது பதினேழு. நான் ஒன்பதரை மணிக்கு வந்தபோதும் பதினேழுதான் உள்ளே இருந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் அப்படித்தான். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், இந்தப் பெஞ்சு தேக்கு, ஒன்றும் ஆகாது. கால் மட்டும் வேப்பங்கட்டை, யாரோ மாற்றியிருக்கிறான்.

உங்களுக்கு என்ன குறை? தெருவிளக்கா. எரியவில்லையா? எரிகிறதா? பகலிலும் எரிகிறதா! அணைக்கச் சொல்லி மூன்று வருசமாக மனுக் கொடுக்கிறீர்களா? நல்ல ஊர். சரி, உங்கள் விளக்கு எரியட்டும், என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

என் பேர் சீனியம்மாள். ரயில்வே கேட் தாண்டினால் பெரிய தகரக் கொட்டகை ஒன்று தெரியும், வாசலில் கதவு நிலைகள் சாய்த்து வைத்திருக்கும். அது என்னுடையது. பழைய வீடுகளை விலை பேசி, இடித்து, சாமானை எடுத்து விற்கிறேன். தூண், உத்திரம், ஜன்னல், ஓடு என்று அரைத்த சுண்ணாம்பு தவிர எல்லாம் விற்பேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். பதினாறு வயசில் சித்தாளாகத் தலையில் சட்டி ஏறியது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு முதலாளியானது என் வாயால். சொன்ன விலைக்கு நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பொருள் பஸ் டிக்கெட். அதிலும் மகள் வயசைக் குறைத்துச் சொல்லி அவளுக்கு டிக்கெட்டே வாங்காமல் தப்பப் பார்த்தேன். "பாப்பாவுக்கு நாலு வயசுதான் முடிஞ்சிருக்கு" என்று கண்டக்டரிடம் சொன்னேன். பாப்பா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "இல்ல மாமா, எனக்கு ஏழு. ரெண்டாங்கிளாஸ்" என்றது. பஸ்ஸே சிரித்தது. அவள்தான் அனுசியா. அப்போதிலிருந்தே இப்படித்தான். என் வயிற்றில் எப்படிப் பிறந்தாளோ.

அவள் அப்பா போய்ப் பதினாறு வருசமாகிறது. நான் இடித்த காசில் அவள் எம்.ஏ. படித்தாள். என்ன எம்.ஏ.? சரித்திரம். "ஏட்டி, இன்ஜினியருக்குப் படிச்சா நான் இடிச்ச இடத்துல நீ கட்டலாமே" என்றேன். கேட்கவில்லை. படிப்பு முடிந்து இரண்டு வருசத்துக்கு முன்னால் இந்த மாநகராட்சியிலேயே தற்காலிக வேலை கிடைத்தது. ஊரில் உள்ள பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் வேலை. பாரம்பரியக் கட்டடக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள், அதற்கு. அளவு நாடாவும் கேமராவுமாகத் தெருத் தெருவாக வெயிலில் அலைந்தாள். இந்தக் கட்டடங்களை யாரும் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் தயார் செய்தாள். நான் தொடுகிறவள், அவள் தொடாதே என்கிறவள், ஒரே வீட்டில் ஒரே சோற்றுப் பானை. சிரிக்காதீர்கள். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்.

பிறகு அந்த வேலையையே நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று விளம்பரம் வந்தது. கள ஆய்வாளர், ஒரு பணியிடம். ஒன்றே ஒன்று. முன்னூற்றிப் பன்னிரண்டு பேர் பரீட்சை எழுதினார்கள். என் மகள் முதல். எட்டுப் பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அதிலும் முதல். அந்த இன்டர்வியூவில் "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். மர வியாபாரம் என்று சொல்லலாமல்லவா? பொய்யும் இல்லையே. இவள் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "பழைய கட்டடங்களை இடிக்கிறாங்க சார்" என்றிருக்கிறாள். ஐந்து பேரும் சிரித்து முழு மார்க் போட்டார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு அடிக்கக் கை ஓங்கியது. முழு மார்க் என்றதும் இறக்கிக்கொண்டேன்.

ஐந்து பேர் என்றேனல்லவா, அது ஒரு கதை. மாடியில் கூட்ட அறை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே பாரம்பரியக் கட்டடக் குழு கூடும். வியாழக்கிழமை நியமனக் குழு கூடும், ஆள் எடுக்கிற குழு. இரண்டு குழுவிலும் அதே ஐந்து பேர்தான். தலைவர், ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர், இரண்டு கவுன்சிலர், காலேஜில் பாடம் நடத்துகிற ஒரு புரொபசரம்மா. மேசைமேல் ஒரு பலகை இருக்கும், ஒரு பக்கம் அந்தக் குழுவின் பேர், மறுபக்கம் இந்தக் குழுவின் பேர். கிளார்க் நல்லபெருமாள் வந்து பலகையைத் திருப்பி வைப்பான். நாற்காலி மாறாது, டீ மாறாது, ஆள் மாறாது. ஆனால் செவ்வாய்க்கிழமை செய்தது அவர்களுக்கு வியாழக்கிழமை தெரியாது. தெரிந்தாலும் அது அந்தக் குழு, இது இந்தக் குழு.

நான் அவள் வேலைக்காகத் தலைவரைப் பார்க்கப் போகவில்லை என்று நினைக்காதீர்கள். போனேன். ஒரு ஊஞ்சல் பலகை, நல்ல பர்மா தேக்கு, ஒரே பலகையாக ஏழடி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எப்படியோ மோப்பம் பிடித்து இவள் வந்து தெருமுனையிலேயே ஆட்டோவை மறித்துவிட்டாள். "அம்மா, நான் பரீட்சை எழுதித்தான் வந்திருக்கேன். நீ இனிமே இந்த ஆபீஸ் விசயத்துல தலையிடவே கூடாது. என்மேல சத்தியம்" என்றாள். சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். அதனால்தான் கிட்டங்கி விசயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சத்தியத்தை மீறினேன் என்று அவள் வருத்தப்படுவாளே என்றுதான்.

பஞ்சுப்பேட்டைத் தெருவில் பருத்தி மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பச்சைக் கதவு. உள்ளே போனால் இருபது தேக்குத் தூண், கட்டிப் பிடித்தால் கை எட்டாது. மேலே பலகை போட்ட மச்சு. அதன் சொந்தக்காரர் தனுஷ்கோடி, மெட்ராஸில் இருக்கிறார். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட அவருக்கு ஆசை. கட்டடம் பட்டியலில் இருக்கிறது, இடிக்க முடியாது. என்னைக் கூப்பிட்டார். "சீனியம்மா, நூறு வருசத்துக்குக் குறைஞ்ச கட்டடம்னா பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க. நீங்க குழு முன்னால பேசி எடுத்துக் கொடுங்க. மரம் பூரா உங்களுக்கு" என்றார். இருபது தூண் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஏட்டி, அந்தப் பஞ்சுப்பேட்டைக் கிட்டங்கி உன் லிஸ்டுல இருக்கோ?" அவள் துணி மடித்துக்கொண்டே, "இருக்கு. இருபத்தஞ்சாவது" என்றாள். மொத்தம் எத்தனை என்று கேட்டேன். "இருபத்தஞ்சுதான்."

நீங்களே சொல்லுங்கள். நானும் சாமான் அடுக்குகிறவள். முதல் தரம் முதலில் வரும், கழிசல் கடைசியில் வரும். இருபத்தைந்தில் இருபத்தைந்தாவது என்றால் அது வேண்டாவெறுப்பாகச் சேர்த்ததுதானே? ஒன்று போனால் யாருக்கு நட்டம் என்று நினைத்தேன். அவள் ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யார் தப்பு?

அவள் பயிற்சிக்கென்று பன்னிரண்டு நாள் தஞ்சாவூர் போனாள். ஊரில் இருந்தால் சங்கடம் என்று, தனுஷ்கோடியிடம் எழுதி வாங்கிய அதிகாரத்தோடு, அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மாடி ஏறினேன்.

தலைவர் பேப்பரைப் பார்த்து, "இந்தக் கட்டடத்துக்கு வயசு நூத்தி முப்பதுன்னு கள அறிக்கை இருக்கேம்மா" என்றார்.

"நூத்தி முப்பதா? என்ன சார் இது, எழுபதுகூடத் தேறாது" என்றேன்.

"எழுபதா? சுண்ணாம்புச் சுவர்மா."

"சுண்ணாம்பு எங்க ஊருல எங்க சின்னம்மா வீட்டுலயும் அடிச்சிருக்கு. அது கட்டி அறுபது வருசம். சரி, உங்களுக்காக எண்பது."

"அதெப்படி அம்மா? நூத்தி இருபதுக்குக் கீழ போகவே முடியாது" என்றார் ரிட்டயர்டு இன்ஜினியர்.

மடியிலிருந்து ஒரு ஆணியை எடுத்து மேசைமேல் போட்டேன். பழைய கட்டடத்தில் ஆணி சதுரமாக இருக்கும், கொல்லன் அடித்தது. உருண்டை ஆணி மிஷினில் வந்தது, பிற்பாடு வந்தது. எங்கள் தொழிலில் ஆணியைப் பார்த்துத்தான் வயசு சொல்வோம். நான் போட்டது உருண்டை ஆணி. "இது அந்தக் கிட்டங்கி மச்சுல பிடுங்கினது. பொய்னா என் நாக்கு அழுகட்டும்" என்றேன். பொய் இல்லை அண்ணாச்சி, மச்சில் பிடுங்கியதுதான். இருபத்தாறு வருசத்துக்கு முன்னால் அந்த மச்சை ரிப்பேர் பார்த்தார்கள். அப்போது நான் அங்கே சித்தாள். அந்த ஆணி மூட்டையை நானே சுமந்து ஏற்றினேன். அனுசியா கைக்குழந்தை. ஏழாவது தூணுக்கும் எட்டாவது தூணுக்கும் நடுவில் கயிறு கட்டித் தொட்டில் போட்டிருந்தேன். அது எதற்கு இப்போது.

புரொபசரம்மா மட்டும் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு ஆணியை வச்சு எப்படி..." என்று இழுத்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்தி பத்து" என்றார். "தொண்ணூறு" என்றேன். "நூறு." "சார், நீங்களும் வேணாம், நானும் வேணாம். தொண்ணூத்தஞ்சு. முடிச்சிருங்க." முடித்துவிட்டார். நல்லபெருமாள் எழுதிக்கொண்டான். முப்பத்தைந்து வருசத்தை ஒரு டீ ஆறுவதற்குள் குறைத்தேன். இந்த ஆபீஸில் எந்தக் காகிதமும் ஒரு மாசத்துக்குக் குறைந்து வந்ததில்லை. எனக்கு ரெண்டே நாளில் உத்தரவு கைக்கு வந்தது. தனுஷ்கோடி போனில், "எல்லாம் முன்னாலயே பேசியாச்சு, நீங்க சும்மா போய் நின்னாலே போதும்னுதான் நெனச்சேன்" என்றார். பணக்காரர்களுக்கு அடுத்தவர் திறமையை ஒப்புக்கொள்ள மனசு வராது.

இடிப்பதில் என் ஆட்கள் மாதிரி இந்த ஜில்லாவில் கிடையாது. பொத்தென்று தள்ளுகிறவள் இல்லை நான். தூணுக்குத் தூண், உத்திரத்துக்கு உத்திரம் சாக்பீஸால் நம்பர் போடுவேன். எந்தத் தூண் தலையில் எந்த உத்திரம், எந்த நிலைக்கு எந்தக் கதவு, எல்லாம் நம்பர். பிரித்த கட்டடத்தை வாங்குகிறவன் கேரளாவில் கொண்டுபோய் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். ஒன்பது நாளில் கிட்டங்கி என் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் தஞ்சாவூரிலிருந்து அனுசியா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொட்டகையில் தூண்களைப் பார்த்து நின்றுவிட்டாள். "பார்த்தியா, எப்படி எடுத்திருக்கேன்னு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"இது எங்க இருந்தும்மா வந்துச்சு?"

"கிட்டங்கி."

"குழு எப்படி விட்டுச்சு?"

"தொண்ணூத்தஞ்சுல முடிச்சேன்" என்றேன்.

பையிலிருந்து நாடாவை எடுத்து ஏழாவது தூணை அளந்தாள். எனக்குப் புரியவில்லை. நான்தான் ஏற்கெனவே அளந்திருக்கிறேனே. பிறகு உள்ளே போய்க் குளித்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். அன்றையிலிருந்து என்னோடு பேச்சில்லை. இன்றோடு இருபத்தி ஒரு நாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். பயிற்சியில் வேலை அதிகம் போல, களைப்பு என்று நினைத்தேன். அப்புறம் வேலை போன துக்கம் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை நியமனக் குழு. அவளுடைய ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற நாள். சர்டிபிகேட் பார்த்தாகிவிட்டது, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டது, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு ஒரு பழைய ஜன்னலுக்கு விலையும் கேட்டுவிட்டுப் போயாகிவிட்டது. ஆர்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது விரலில் சிவப்பாக ஏதோ இருந்தது. "என்ன ஏட்டி, வெட்டிக்கிட்டியா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை. நாளைக்கு ஆர்டர் வாங்கப் போகிற பிள்ளை, கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டாமா? மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொடுத்தேன். கையை நீட்டிக்கொண்டு நின்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. குழந்தையில் பார்ப்பாளே, அந்த மாதிரி.

வியாழக்கிழமை நான் ரெண்டு கிலோ அல்வாவோடு வந்து இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே நல்லபெருமாள் வந்தான்.

"ஆர்டர் இல்லம்மா. பணியிடம் ரத்து."

"எந்த நாய்லே ரத்து பண்ணுச்சு?" என்று கேட்டேன். இந்த வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் மெதுவாக விளக்கினான். இருபத்தைந்து கட்டடத்துக்கு ஒரு கள ஆய்வாளர், இது அரசாணை. பட்டியலில் இருபத்தைந்து இருந்தால்தான் பணியிடம் உண்டு. இருபத்து நாலு என்றால் பணியிடமே கிடையாது. இருக்கிற இருபத்து நாலைப் பக்கத்து ஊர் ஆய்வாளர் மாசம் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்வார். "நேத்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் பதிவேட்டுல இருபத்தஞ்சுதான் இருந்துச்சு. குழு முடிவு இன்னும் பதிவேட்டுல ஏறல. ஏற மூணு மாசம் ஆகும், யாரும் கேக்கப் போறதில்ல. இன்னைக்குக் கையெழுத்து ஆகியிருந்தா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. நேத்து வருசாந்திர சரிபார்ப்பு. அதுல கோடு விழுந்திருச்சு" என்றான்.

பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினான். இருபத்தைந்தாவது வரி. அதன்மேல் கோடு. பக்கத்தில், 'கட்டடம் இடத்தில் இல்லை' என்று எழுதியிருந்ததாம். அவன்தான் வாசித்துச் சொன்னான்.

ஒரு நாள் அண்ணாச்சி! ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன? பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்திருந்தால் என்ன? இந்த ஆபீஸில் எல்லாரும் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் தெருவிளக்கை அணைக்க மூன்று வருசம். இந்த ஒரு கோட்டைப் போடுகிறவன் மட்டும் அன்றைக்கே போட்டுவிட்டானே!

"எவன் போட்டது?" என்று கேட்டேன். நல்லபெருமாள் பதிவேட்டை மூடினான். "உங்க வீட்டுல கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திமிரைப் பார்த்தீர்களா? என் வீட்டில் கேட்பதற்கு எவன் இருக்கிறான்? நானும் என் மகளும்தான்.

நான் விட்டுவிடுகிறவளா? அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி மாடி ஏறினேன். இந்தத் தடவை மடியில் சதுர ஆணி. எட்டு ஆணி. மேசைமேல் கொட்டினேன்.

"சார், அது நூத்தி முப்பதுதான். வேணும்னா நூத்தி ஐம்பதுன்னே போட்டுக்கோங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, போன தடவை நீங்கதானே தொண்ணூத்தஞ்சுன்னீங்க?"

"அன்னைக்கு விலை பேசுனேன் சார். இன்னைக்கு உண்மை பேசுறேன்."

"சரி, வயசு இருக்கட்டும். கட்டடம் எங்க?"

"என் கொட்டகையில இருக்கு. நம்பர் போட்டு வச்சிருக்கேன். பதினஞ்சு நாள் கொடுங்க, நிறுத்திருவேன்."

"பாரம்பரியக் கட்டடம் அதே இடத்துல இருக்கணும்மா."

அதே இடத்தில் தனுஷ்கோடி பள்ளம் தோண்டிவிட்டார். "எத்தனை அடி தள்ளி இருந்தா ஒத்துக்குவீங்க, ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க" என்று கேட்டேன். என் கொட்டகை அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர். அவர்கள் ஒரு அடி சொல்லியிருந்தால் போதும், நான் மீதியைப் பேசியிருப்பேன். புரொபசரம்மா சிரித்தாள், அப்புறம் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அது வேணாம். வேற ஒரு கட்டடத்தைச் சேர்த்து இருபத்தஞ்சு ஆக்குங்க" என்றேன். "நூறு வருசக் கட்டடம் ஊருல எனக்குத் தெரியாததா? மேலரத வீதி வக்கீல் வீடு." இன்ஜினியர், அது போய் நாலு வருசமாச்சே என்றார். ஆமாம், அது நான் எடுத்தது. "பிள்ளையார் கோவில் சந்துல மாடி வீடு, நாலு பக்கமும் தாழ்வாரம்." அதுவும் நான்தான், போன தை மாசம். "சாலைக்குமரன் மருந்துக்கடை?" அதன் கதவு இன்னும் என் கொட்டகையில் இருக்கிறது. பதினோரு கட்டடம் சொன்னேன் அண்ணாச்சி. பதினொன்றும் இல்லை. ஒரு ஊரில் நூறு வருசக் கட்டடம் ஏன் இப்படிக் குறைந்துபோனது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரில் ஒருத்தனாவது யோசித்திருப்பானா? பேருக்கு ஒரு குழு.

கடைசியில், வேலை விசயம் வியாழக்கிழமைக் குழு என்றார்கள். வியாழக்கிழமை போனேன். கட்டட விசயம் செவ்வாய்க்கிழமைக் குழு என்றார்கள். அதே ஐந்து பேர். பலகை மட்டும் திரும்பியிருந்தது. நானே எட்டிப் பலகையைத் திருப்பி வைத்து, "இப்பச் சொல்லுங்க" என்றேன். போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தத் திங்கட்கிழமைக்கு வந்திருக்கிறேன். கமிஷனரையே பார்த்துவிடுவது என்று.

நாளை மறுநாள், புதன்கிழமை, கேரளாவிலிருந்து லாரி வருகிறது. ஆலப்புழையில் ஏதோ ஹோட்டலாம், இருபது தூணும் வேண்டுமாம். போனில் விலை கேட்டான். நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் விலை கேட்டவனுக்கு விலை சொல்லாதது அதுதான் முதல் தடவை. அவனே ஒரு விலை சொன்னான், பிறகு அவனே ஏற்றிச் சொன்னான். நான் பேசாமல் போனை வைத்தேன். புதன்கிழமைக்குள் இங்கே ஒரு முடிவு தெரிந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தெரியாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஆபீசிலிருந்து வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய் அந்த ஏழாவது தூண் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ஆமாம், ஆபீசுக்கு இன்னும் போகிறாள். இந்த மாசக் கடைசி வரைக்கும் தற்காலிக வேலை இருக்கிறதல்லவா, மீதி இருபத்து நாலையும் சரிபார்க்க வேண்டுமாம். வேலையைப் பறித்தவனுக்கே வேலை செய்து கொடுக்கிறாள். அந்தத் தூணில் கயிறு உராய்ந்த தழும்பு ஒன்று இருக்கிறது, ஒரு விரல் ஆழம். அவளுடைய கள அறிக்கையில்கூட அதை எழுதியிருக்கிறாளாம், நல்லபெருமாள் சொன்னான். 'தூண் ஏழில் தொட்டில் கயிற்றின் தடம்.' நான்தான் கட்டினேன் என்று அவளிடம் என்றைக்கோ சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். போன வெள்ளிக்கிழமை நல்லபெருமாள் மனசு இரங்கி, "வாங்கம்மா, கோடு போட்டவங்க கையெழுத்து கீழ இருக்கு, நீங்களே பாத்துக்கோங்க" என்று பதிவேட்டை மறுபடி விரித்தான். நான் கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவனும் பார்த்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். வெயில் அதிகம் அன்றைக்கு.

பதினெட்டு என்று கூப்பிடுகிறான், பாருங்கள். பரவாயில்லை, நகர்கிறது. உங்களிடம் பேனா இருக்கிறதே. இந்த மனுவை நான் வாயால் சொல்லி வாசலில் மனு எழுதுகிறவன் எழுதினான், சொன்னதில் பாதியைக் காணோம். பின்பக்கம் காலியாக இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள். உங்கள் தெருவிளக்குக்கு நானும் உள்ளே வந்து சத்தம் போடுகிறேன், அது என் பொறுப்பு.

எழுதுங்கள். ஐயா, கட்டடத்துக்கு வயசு நூற்றி முப்பது. இதில் ஒரு வருசம்கூடக் குறைக்க மாட்டேன். தூண்கள் இருபதும் பத்திரமாக இருக்கின்றன, விற்கவில்லை. இடம் எங்கே காட்டினாலும் என் செலவில், என் ஆட்களை வைத்து, நம்பர்படி நிறுத்தித் தருகிறேன். என் தப்பு ஏதாவது இருந்தால்... இல்லை, அதை அடித்துவிடுங்கள். அடிக்க வேண்டாம். இருக்கட்டும். என் தப்பு இருந்தால் அதை என்னிடம் கேட்கட்டும், என் மகளுடைய வேலையில் கேட்க வேண்டாம்.

கடைசியாக இதை எழுதுங்கள், கொட்டை எழுத்தில். அந்தக் கோட்டைப் போட்ட ஆள் யாராக இருந்தாலும் சரி. பேர் எனக்கு வேண்டாம். திட்ட மாட்டேன். என் கொட்டகைக்கு வரட்டும், தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும். வாயைத் திறந்து என்னிடம் ரெண்டு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் கேட்கட்டும், பதில் சொல்கிறேன். கேட்டு முடித்துவிட்டு, கோடு போட்ட அதே கையால், அதே பதிவேட்டில், கட்டடம் இருக்கிறது, இருபத்தைந்து என்று எழுதித் தர வேண்டும். புதன்கிழமைக்குள். இதில் பேரம் கிடையாது.